கம்பியா, தங்கூசியா?

சிசிலித் தீவின் பலெர்மோ விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றிவரும் பட்டிக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். என் பெட்டி வந்துவிட்டது. தூண்டில் தடிகள் வைத்திருந்த நீளக் குழாய்தான் வரவில்லை. கடைசியில் அந்தப் பட்டியில் ஒரு குழந்தை வண்டியும், கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஒன்றும் மட்டும் தேடுவாரில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. முறைப்பாட்டு மேசையில் இருந்த பெண் குழாயின் நிறத்தையும் நீளத்தையும் எழுதிக்கொண்டு, உள்ளே என்ன என்று கேட்டாள். மீன் பிடிக்கும் தடி என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்கள் கணவருடையதா?"

"என்னுடையது."

மேலிருந்து கீழாக என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.

அந்தக் குழாய் எங்கெங்கோ சுற்றிவிட்டு, நான் திரும்புவதற்கு முதல் நாளே சுவீடனில் என் வீட்டு வாசலில் போய்க் கிடந்தது. ஆகவே இந்தப் பயணத்தில் அதற்கு வேலையில்லை.

வெளியே தம்பி ரஞ்சன் நின்றான். நாங்கள் நேரில் பார்த்து நாலு வருடம். கட்டிப்பிடித்தான். பிடித்தபடியே என் தோளுக்கு மேலால் தள்ளுவண்டியை எட்டிப் பார்த்தான்.

"அக்கா, தடி எங்கை?"

"வரேல்லை."

"மற்றச் சாமான்?"

"அது பெட்டிக்குள்ளை கிடக்கு. எடேய், எப்பிடி இருக்கிறியள் எண்டு ஒரு வார்த்தை கேக்கமாட்டியே?"

ரஞ்சன் கேட்டுத்தான் அவற்றைக் கொண்டுவந்தேன். நான் இருப்பது நடு சுவீடனில், ஏரிக்கரை ஒன்றில் உள்ள சிறிய ஊர். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. யாழ்ப்பாணத்தில் கடலில் இருந்து மூன்று மைல் தூரத்தில் பிறந்து வளர்ந்தும் ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லை. தூண்டில் பிடித்தது சுவீடனில்தான். கூட வேலை செய்த ஒருத்தி ஒரு சனிக்கிழமை தன் படகில் ஏற்றிக்கொண்டு போனாள். அதோடு எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. அங்கே எல்லோரும் தேடிப் போகும் மீனை யெத்தா என்பார்கள். தமிழில் அதற்குப் பெயரில்லை, எங்கள் நீர்நிலைகளில் அது இல்லை. நல்ல தண்ணீர் மீன். நீள உடம்பு, தாரா வாத்தின் அலகுபோல் தட்டையான வாய், வாய் நிறையப் பல். நாணல் ஓரத்தில் அசையாமல் கிடந்து, கிட்ட வருவதை ஒரே பாய்ச்சலில் பிடிக்கும்.

ஆவணியில் ரஞ்சன் தொலைபேசியில் கேட்டான். "அக்கா, நீங்கள் பிடிக்கிற மீனுக்கு இத்தாலியனிலை லுச்சோ எண்டுதானே சொல்லுறது?" இணையத்தில் பார்த்துவிட்டு ஓம் என்றேன். "அதுக்கு வேண்டிய சாமான் எல்லாத்தையும் ஐப்பசியிலை வரேக்கை கொண்டுவாங்கோ." தம்பிக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குப் போகும் ரயிலில்தான் உண்மையைச் சொன்னான். சாமான் அவனுக்கு அல்ல. அவன் பராமரிக்கும் முதியவர் சினியோர் எத்தோரேக்கு.

ஞாயிற்றுக்கிழமை ரஞ்சனின் மனைவி வனஜா, பலெர்மோவின் காவல் புனிதை ரொசாலியா அம்மாவின் மலைக்கோயிலுக்கு ஏறிப்போய் வந்து, பிட்டும் சாளைமீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் தந்தாள். கத்தரிக்காய் மட்டும் சிசிலிக்காரருடைய முறை, புளிப்பும் இனிப்புமாக. அதைப் பிட்டோடு சாப்பிடலாம் என்று முதலில் கண்டுபிடித்தவருக்கு நன்றி சொல்லவேண்டும். அவர்களுடைய பத்து வயது மகள் என் பெட்டியைத் திறந்து, போலி மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். "மாமி, இது பெல்லிஸ்ஸிமோ, சரியான வடிவு! இதுக்கு ஏன் இவ்வளவு முள்ளு?"

திங்கட்கிழமை சினியோர் எத்தோரேயிடம் போனோம். பழைய நகரத்தின் கால்சாப் பகுதியில், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே, பழைய மாளிகை ஒன்றின் மூன்றாம் மாடி. மாளிகை புதுச் சுண்ணாம்பில் மின்னியது. எதிர் வீட்டில் பலகணி இடிந்து போய், அதன் கதவு மட்டும் வெறும் வெளியைப் பார்த்துத் திறந்திருந்தது.

எண்பத்தொரு வயது. வடக்கே மாந்தோவா என்ற ஊரில், ஏரிக்கரையில் பிறந்தவர். பலெர்மோப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, நாற்பது வருடம் கண்ணாடிக்கடை வைத்திருந்தார். மனைவி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது; இடது காலும் பலமில்லை. நான்கு கால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ரஞ்சனின் துணையோடு நடப்பார். பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் ஆழத்திலிருந்து இழுத்தெடுப்பதுபோல் வரும். உடற்பயிற்சி ஆசிரியை கொடுத்த சுற்றும் சக்கரத்தை அவர் தொட்டதே இல்லை என்றான் ரஞ்சன். லுச்சோ பிடிக்கப் போகலாம் என்று இவன் சொன்ன நாளில் இருந்துதான் காலையில் பத்துத் தரம் சுற்றுகிறாராம்.

கட்டில் மேசையில் என் பெட்டியைத் திறந்து வைத்தேன். அவர் வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்தார். கரண்டியின் கைப்பிடியை வெட்டியெறிந்தது போன்ற வெள்ளித் தகடு. தண்ணீரில் சுழலும் சிறிய தகடு. மரத்தில் செய்த தடித்த மீன். வாலாட்டும் ரப்பர் மீன். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். கரண்டித் தகட்டில் பல் கீறிய கோடுகள் இருந்தன. அவற்றின் மேல் பெருவிரலை மெல்ல ஓட்டினார்.

"புல்லுக்குள்ளையோ, புல்லின்ரை விளிம்பிலையோ எண்டு கேக்கிறார்," என்றான் ரஞ்சன்.

"விளிம்பிலை," என்றேன்.

முதியவர் தலையாட்டினார். பிறகு தகட்டைக் கட்டில் விரிப்பில் வைத்து இழுத்தார். நிறுத்தினார். இழுத்தார். நிறுத்தினார். நிறுத்தியபோது என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். நிற்கும் நொடியில்தான் யெத்தா அடிக்கும். அதை யாரும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு சொல்லும் விளங்காமல் அரை மணி நேரம் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் நான் ரஞ்சனிடம் கேட்டேன். "ஏரி எவ்வளவு தூரம்?"

"ஏரியோ? ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போறம்."

"அது கடல் எல்லோ?"

"கடல்தான். லுச்சோ அங்கைதானே வாறது. கபோச் சந்தையிலை கூவிக் கூவி விக்கிறாங்கள், லுச்சோ தி மாரே எண்டு."

"மாரே எண்டால் கடல்தானே. அப்ப அது கடல் லுச்சோ. அது வேறை மீன், ரஞ்சன். இவர் கேக்கிறது குளத்து மீன்."

ரஞ்சனின் முகம் மாறிவிட்டது. அவன் இரண்டு மாதமாக அந்த மனிதருக்கு இல்லாத மீனைக் காட்டி மாத்திரை கொடுத்திருக்கிறான், நடக்க வைத்திருக்கிறான். நாங்கள் என்ன கதைக்கிறோம் என்று முதியவர் கேட்டார். ரஞ்சன் நிலத்தைப் பார்த்தபடி இத்தாலியனில் சொன்னான். முதியவர் மெல்ல, நீளமாக, இடையிடையே மூச்சு வாங்கிப் பதில் சொன்னார்.

"என்னவாம்?"

"தனக்கு முதல் நாளே தெரியுமாம். நாப்பது வருஷமா இஞ்சை இருக்கிற தனக்கு இந்தக் கரையிலை குளத்து லுச்சோ இல்லையெண்டு தெரியாதோ எண்டு கேக்கிறார்."

"பிறகேன் ஓமெண்டவர்?"

ரஞ்சன் விரிப்பில் கிடந்த தகட்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான். "ரெண்டு வருஷமா இந்த வீட்டிலை எல்லாரும் தன்னோடை மருந்து, பிரஷர், மூத்திரம் எண்டுதான் கதைக்கினமாம். நான் ஒருத்தன்தான் ஒருநாள் வந்து லுச்சோ எண்டு சொன்னனாம். அதைத் திருத்த மனம் வரேல்லையாம்." பிறகு அவனே சிரித்துவிட்டான். "நாப்பது வருஷமா அந்தக் கடல் லுச்சோவைத் தான் ஒரு மீனாவே மதிக்கேல்லையாம். சரி, இப்ப ஒருக்கா அதோடை பழகிப் பாப்பமாம்."

செவ்வாய்க்கிழமை கபோவில் அந்த மீனைப் பார்க்கப் போனேன். சுவீடனில் மீன் கடையில் ஆட்கள் ஊசி விழுந்தால் கேட்கும்படி நிற்பார்கள். இங்கே விற்பவன் கூவுகிறான், வாங்குபவள் அதைவிடச் சத்தமாகக் கூவுகிறாள், நடுவில் மோட்டார் சைக்கிள் புகுந்து போகிறது. ஐஸின் மேல் நீட்டி வைத்திருந்த மீனை ரஞ்சன் காட்டினான். நான் குனிந்து பார்த்துவிட்டு அவன் தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

"எடேய், இது சீலா! எங்கட சீலா மீன்."

"நான் குழம்பிலை துண்டாக் கண்டதுதானே அக்கா. முழுசா ஆர் கண்டது?"

மீன்காரர் கத்தி நுனியால் அதன் வாயைத் திறந்து காட்டினார். யெத்தாவின் வாய்க்குள் சீப்புப்போல நூற்றுக்கணக்கான சிறு பற்கள், எல்லாம் உள்நோக்கி வளைந்திருக்கும், பிடித்தால் விடாது. இதன் வாயிலோ ஒன்றுக்கொன்று இடம்விட்டு ஊசி ஊசியாக நின்றன. இது பிடித்து வைத்திருக்கும் மீன் அல்ல, வெட்டிவிட்டுப் போகும் மீன்.

பழைய துறைமுகத்தின் பக்கத்தில் தூண்டில் சாமான் கடை. கடைக்காரர் நீனோவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறவர். கொஞ்சம் ஆங்கிலம் வரும். என் தடித்த மர மீனைப் பார்த்து, இதை மீன் தின்னுமா அல்லது இது மீனைத் தின்னுமா என்று கேட்டார். ஆனால் தூண்டில் பிடிக்கப்போகிறவர் கதிரையில் இருப்பார், ஒரு கைதான் வேலை செய்யும் என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கதவில் 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்ற பலகையை மாட்டினார். பத்து நிமிடம் ஒன்றரை மணியாயிற்று.

தடியைப் பிடிக்க ஒரு கை, றீலைச் சுற்ற ஒரு கை. அதுதான் சிக்கல். நீனோ ஒரு தோல் பட்டியை எடுத்தார். வயிற்றுக்கு முன்னால் சிறிய கிண்ணம் தைத்தது. தடியின் அடிமுனை அதற்குள் நிற்கும். தடியின் நடுப்பகுதியை, சட்டத்தின் மேல் கிடத்திய இடது முன்கை தாங்கும். வலது கை சுற்றும். நான் கொண்டுவந்த றீலின் கைப்பிடி இடது பக்கம் இருந்தது. அவர் அதைக் கழற்றி வலது பக்கம் மாட்டினார். நான்கு வருடமாக வைத்திருக்கிறேன், அது கழன்று மாறும் என்று எனக்குத் தெரியாது. தடிக்கு, கைப்பிடிப் பக்கம் கட்டியாகவும் நுனியில் இளக்கமாகவும் ஒன்றைத் தெரிந்தெடுத்தார், மனிதர் இழுக்கத் தவறினாலும் தடி இழுக்கும் என்று.

நாங்கள் சண்டை போட்டது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். போலி மீனுக்கு முன்னால் ஒரு முழ நீளத்துக்கு நான் எப்போதும் மெல்லிய உருக்குக் கம்பி கட்டுவேன், பல் அறுக்காமல் இருக்க. அதை எடுத்ததும் நீனோ கையை உயர்த்தினார்.

"சினியோரா, இதில் உடுப்புக் காயப்போடலாம். எங்கள் தண்ணீர் கண்ணாடி மாதிரி. மீன் கம்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். தடித்த தங்கூசி, இந்த நைலான் நரம்பு, போதும்."

"பல் இருக்கிற மீனுக்குத் தங்கூசியா?"

"கண் இருக்கிற மீனுக்குக் கம்பியா? இன்னொன்று. நிறுத்தி நிறுத்தி இழுக்கவேண்டாம். இது துரத்துகிற மீன். நின்றால் சந்தேகப்படும். வேகம், வேகம்."

இரண்டையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். மனதில் கம்பிதான்.

சந்திக் கடையில் கடலை மாவில் தட்டையாகச் சுட்ட பனெல்லே வாங்கி, பாணுக்குள் வைத்துத் தின்றபடி பஸ் ஏறினோம். ரஞ்சன் நீனோ தந்த வெள்ளிப் போலி மீனைக் கையில் எடுத்து ரசித்துக்கொண்டிருந்தான். பஸ் திடீரென்று நின்றது. போலி மீனின் மூன்று முனைக் கொளுக்கி, முன்னால் நின்ற அம்மையாரின் கம்பளிக் கோட்டில் ஏறிவிட்டது. பஸ் முழுவதும் ஆலோசனை சொல்லத் தொடங்கியது. கோட்டை வெட்டு என்றார் ஒருவர். மீனை வெட்டு என்றார் இன்னொருவர். சாரதி பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு எழுந்து வந்து பார்த்தார். எனக்கு வியர்த்துவிட்டது. நான் என் கொளுக்கிகளின் திருப்பு முள்ளைக் குறட்டால் நசுக்கி வைப்பவள், மீனை விட்டுவிடும்போது காயப்படாமல் இருக்க. நீனோவின் கொளுக்கியில் அது நசுக்காமல் இருந்தது. கைப்பையிலிருந்த குறட்டால் அங்கேயே முள்ளை நசுக்கி, வந்த வழியாலேயே மெல்லக் கழற்றினேன். ஒரு நூல்கூட அறவில்லை. அம்மையார் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு என்னவோ சொன்னார்.

"இவ்வளவு பெரிய மீனை இனி எங்கை பிடிக்கப்போறியள் எண்டு கேக்கிறா," என்றான் ரஞ்சன்.

புதன்கிழமை மொட்டை மாடியில் பயிற்சி. காய்கிற படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் முதியவரைக் கதிரையில் இருத்தி, பட்டியைக் கட்டி, சட்டத்தை முன்னால் வைத்து, அதன் மேல் இடது கையைக் கிடத்தினோம். தங்கூசியின் மறுமுனையில் பாதி நிரப்பிய தண்ணீர்ப் போத்தல். ரஞ்சன் அதை மாடியின் அடுத்த மூலைக்குக் கொண்டுபோய் வைப்பான். முதியவர் சுற்ற, போத்தல் தட்டுத் தடுமாறி ஓடுகளின் மேலால் வந்து சேரும். ஆறாவது தடவை பாதித் தூரத்தில் போத்தல் வந்துகொண்டிருந்தபோது மாடிக் கதவு திறந்தது. போத்தல் தானாக நகர்ந்து தன் காலடியால் போவதைப் பார்த்தபடி அவருடைய மகள் நின்றார். சினியோரா பாவ்லா; மருந்துக்கடையில் வேலை செய்பவர். சம்பளம் கொடுப்பது அவர்தான்.

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ரஞ்சன் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டான். பின்னர் எனக்குச் சொன்னான்: சித்திரையில் அப்பா குளியலறையில் விழுந்தவர். இன்னொரு தரம் விழுந்தால் வீட்டில் வைத்திருக்க முடியாது, வடக்கே முதியோர் இல்லத்துக்கு அனுப்பவேண்டியதுதான். கடலும் கொளுக்கியும் எந்த மடையனின் யோசனை?

அந்த இல்லத்துக்கு அவர் போனால் ரஞ்சனுக்கு வேலை இல்லை. தை மாதம் அவனுடைய பெர்மெஸ்ஸோவை, வதிவிட அனுமதியை, புதுப்பிக்கவேண்டும். வேலை இல்லாமல் அதற்கு எங்கே போவது? எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டியை மூடப் போனேன்.

முதியவர் சுற்றுவதை நிறுத்தவில்லை. போத்தல் அவர் சப்பாத்தில் வந்து முட்டும்வரை சுற்றினார். பிறகு மகளைக் கிட்டக் கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தார். நெற்றி முழுவதும் வியர்வை. சினியோரா பாவ்லா கையை எடுத்துப் பார்த்தார். பிறகு ரஞ்சன் பக்கம் திரும்பிப் பேசினார்.

"என்ன சொல்லுறா?" என்று மெல்லக் கேட்டேன்.

"படகு இல்லையாம். கரையிலை, கதிரையிலை இருந்துதானாம். தானே காரிலை கொண்டுபோய் விட்டு, ஏழு மணிக்கு வந்து ஏத்துவாவாம்." ரஞ்சன் குனிந்து போத்தலை எடுத்தான். "விழுந்தார் எண்டால் என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியுமாம்."

வியாழன் மாலை ஸ்ஃபெர்ராகவால்லோ. உணவகங்களில் மேசை விரித்துக்கொண்டிருந்தார்கள். பொரிக்கும் கணவாய் மணம் கரை முழுவதும். அதைத் தாண்டி, சிமெந்து போட்ட தட்டையான கரையில் கதிரையை வைத்தோம். நான் எறிவேன், தடியைக் கிண்ணத்தில் நிறுத்துவேன், அவர் சுற்றுவார். கம்பி கட்டி, என் கரண்டித் தகட்டையே மாட்டினேன். அவரும் அதைத்தான் காட்டினார். இழுத்தார், நிறுத்தினார், என்னைப் பார்த்தார். குளத்து மீன்காரர் இரண்டு பேர் கடலைக் குளமாக நினைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றோம். ஒன்றும் தொடவில்லை.

கடையைப் பூட்டிவிட்டு வந்த நீனோ முப்பது அடி தள்ளி நின்று எறிந்தார். விறுவிறுவென்று சுற்றினார். மூன்றாவது எறியில் ஒரு சீலா. இன்னும் பத்து நிமிடத்தில் இன்னொன்று. இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து, என் கம்பியை ஒரு விரலால் தட்டினார். வீணைத் தந்தியைத் தட்டுவதுபோல. சொல் எதுவும் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

திரும்பும்போது முதியவர் காரில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். களைப்பா, ஏமாற்றமா என்று தெரியவில்லை. சினியோரா பாவ்லா கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசி மாலை. கம்பியைச் சுருட்டிப் பெட்டியில் போட்டேன். தடித்த தங்கூசி ஒரு பாகம், ஆறடி நீளத்துக்கு, கட்டி, நீனோவின் ஒல்லி வெள்ளி மீனை மாட்டினேன். முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கும்போது மனதுக்குச் சரியாகவே இல்லை. முதியவர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கூசியைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

"நீங்கள் என்ன சொல்றியள் எண்டு கேள்," என்றேன் ரஞ்சனிடம்.

"தான் ஒரு குளம், நீங்களும் ஒரு குளமாம். கடல்காரன் சொல்லுறதைக் கேப்பமாம்."

பத்து எறி, ஓய்வு. மீண்டும் பத்து எறி. நிறுத்தாமல் சுற்றுவது அவருக்குக் கடினமாக இருந்தது. அறுபது வருடப் பழக்கம், கை தானாக நின்றுவிடும். நிற்கும்போதெல்லாம் ரஞ்சன் பின்னாலிருந்து, "வெலோச்சே, சினியோர், வெலோச்சே," என்பான், வேகம் வேகம் என்று. சூரியன் எதிர்த் தீவின் பின்னால் இறங்கியது. தண்ணீர் ஈயம்போல ஆயிற்று. சின்ன மீன்கள் கூட்டமாகத் துள்ளின.

அப்போது தடி வளைந்தது. நான் ஏதோ பாறையில் மாட்டிவிட்டது என்று நினைத்தேன். பாறை ஓடத் தொடங்கியது. றீல் கீச்சிட்டது. கை நீட்டினேன்.

"நெஸ்ஸூனோ!" என்று முதியவர் கத்தினார். ஒருவரும் தொடக்கூடாது.

கத்தியதோடு எழுந்துவிட்டார். சட்டத்தைப் பிடிக்கவில்லை. அவர் அப்படி எழுந்ததை ரஞ்சனே பார்த்ததில்லை. பாய்ந்து பின்னாலிருந்து அவர் இடுப்புப் பட்டியை இரண்டு கைகளாலும் பிடித்து, முகத்தை அவர் முதுகில் அழுத்திக்கொண்டு நின்றான். நான் வளைந்து கிடந்த தடிக்கு அடியில், தொடாமல், இரு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றேன். முதியவர் சுற்றினார். மீன் இழுத்தது. அவர் விட்டுக்கொடுத்தார். மறுபடி சுற்றினார். இருபதடி தூரத்தில் அது ஒருமுறை பக்கம் காட்டிப் புரண்டது; நீளமான வெள்ளை ஒளி. நீனோ தன் தடியை வைத்துவிட்டு ஓடிவந்தார்.

சட்டென்று தடி நிமிர்ந்தது.

இழுத்துக்கொண்டிருந்த பாரம் இல்லாமல் போனதும் முதியவர் பின்னால் சாய்ந்தார். ரஞ்சன் அவரை விடவில்லை. இரண்டு பேருமாகக் கதிரையைத் தள்ளிக்கொண்டு சிமெந்தில் போய் இருந்தார்கள், ரஞ்சன் கீழே, அவன் மடியில் முதியவர். தங்கூசியின் அறுந்த நுனி காற்றில் ஆடியது. எனக்குப் பின்னால் கார்க் கதவு அறைந்து மூடும் சத்தம் கேட்டது.

சினியோரா பாவ்லா ஓடிவந்தார். நான் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. ரஞ்சன் கண்களை மூடிக்கொண்டிருந்தான். அவர் தகப்பனுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, தலையைத் தொட்டார், முதுகைத் தொட்டார், எங்கே நோகிறது என்று கேட்டார். முதியவருக்குப் பேச்சு வரவில்லை. மூச்சு வாங்கியது. வலது கையால் மகளின் கையைப் பிடித்தார். பிடித்து அதைத் தூக்கித் தனக்கு இடப்பக்கம் காற்றில் ஓரிடத்தில் நிறுத்தினார், அங்கேயே வை என்பதுபோல. பிறகு தன் கையை வலப்பக்கமாகக் கொண்டுபோனார். இன்னும் கொண்டுபோனார். மகளின் கைக்கும் தன் கைக்கும் நடுவில் இருந்த இடத்தைக் கண்ணால் காட்டினார். இவ்வளவு நீளம்.

சினியோரா பாவ்லா கையை எடுக்காமல், கீழே கிடந்த ரஞ்சனைப் பார்த்து ஏதோ கேட்டார். உண்மையா என்று கேட்டிருக்க வேண்டும். மீனை ஒரு நொடிகூடப் பார்க்காத ரஞ்சன் ஓமென்று தலையாட்டி, "ஸீ, சினியோரா," என்றான்.

முதியவர் கொஞ்சம் யோசித்தார். மகளின் கையை இன்னும் ஒரு சாண் தள்ளி வைத்தார்.

அப்போதுதான் அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார் போலவும் இருந்தது. நான் மகளுடைய முகத்தைப் பார்க்காமல் அறுந்த தங்கூசியைச் சுருட்டினேன். கத்தியால் வெட்டியதுபோல் அறுந்திருந்தது.

காரில் நகரம் வரை எங்கள் மூன்று பேருக்கும் ஏச்சு. ரஞ்சன் பாதியைத்தான் மொழிபெயர்த்தான். அவன் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. முதியவருக்கு ஒரு கீறலும் இல்லை. ஏச்சு ஓய்ந்த இடத்தில் நான் சொன்னேன், என் பிழை, கம்பி கட்டியிருந்தால் மீன் கரைக்கு வந்திருக்கும். ரஞ்சன் அதைச் சொல்ல, முதியவர் முன் இருக்கையிலிருந்து தலையை ஆட்டினார்.

"கம்பி கட்டியிருந்தால் அது வந்தே இராதாம்," என்றான் ரஞ்சன். "இனி இதை யோசிச்சுக்கொண்டிருக்கத் தனக்குக் குளிர்காலம் முழுக்க இருக்காம்."

மாளிகை வாசலில் ரஞ்சன் முதியவரை இறக்கி, சட்டத்தைப் பிடிப்பித்தான். நான் காரின் பின்னாலிருந்து தடியை எடுத்து இரண்டாகக் கழற்றினேன். சினியோரா பாவ்லா அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். நுனியைத் தட்டாமல் கவனமாக வாசலுக்குள் வைத்துவிட்டு வந்து, ரஞ்சனிடம் ஒரு கேள்வி கேட்டார். கோபமான குரல்தான். ரஞ்சன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னவாம்?" என்றேன்.

"அக்கா நாளைக்குப் போயிடுவா எல்லோ எண்டு கேக்கிறா," என்றான். "அப்ப வாற வெள்ளிக்கிழமை தூண்டில் எறியிறது ஆராம்?"